புஸ் சத்தத்துக்கு ஒரு மறுப்பு

டர்போ வண்டி கைக்கு வந்ததும் டயரும் பிரேக் பேடும் காத்திருக்கும். முதலில் மாறுவது ப்ளோ-ஆஃப் வால்வுதான். கியர் மாற்றும்போது ‘புஸ்’ என்று கேட்க வேண்டும். சத்தம் பிடிக்கும், அதனால் மாட்டினேன் என்று சொல்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குப் பொறியியல் காரணம் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் தகராறு. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வண்டி டியூனிங் செய்கிறவர்கள் மத்தியில் இன்று ஒரு பாடம் மனப்பாடமாகிவிட்டது. கம்பெனி வால்வு காற்றை மறுபடியும் இன்டேக்குக்குள்ளேயே திருப்பி விடுவது காசு மிச்சம் பிடிக்கவும் சத்தத்தை அடக்கவும்தானாம். வெளியே ஊதவிட்டால் டர்போவுக்கும் நல்லது, பிக்கப்புக்கும் நல்லதாம். ஏர் ஃப்ளோ சென்சார் எங்கே இருந்தால் என்ன, ரீமேப் போடும்போது பார்த்துக்கொள்ளலாமாம். “ப்ரோ, ஸ்டாக் வால்வு வெறும் பிளாஸ்டிக், தூக்கிப் போடுங்க” என்று சொல்லாத கடை குறைவு.

இந்தப் பாடம் தப்பு. வால்வை எங்கே வைக்கலாம், அது எந்தப் பக்கம் ஊதலாம் என்பதைச் சென்சார் இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. பிராண்டும் ஸ்பிரிங்கும் பளபளக்கும் அலுமினியமும் அதற்கு அப்புறம் பேச வேண்டியவை.

முதலில் வால்வின் வேலை. ஆக்சிலேட்டரை மிதித்திருக்கும் வரை டர்போ காற்றை அழுத்தி இன்டர்கூலர் வழியாகத் த்ராட்டிலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சிறிய டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் சர்வ சாதாரணமாகச் சுழலும். கியர் மாற்றக் காலை எடுத்ததும் த்ராட்டில் தட்டு மூடிவிடுகிறது. டர்போ மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. அழுத்திய காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் வந்த வழியே திரும்பிக் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ்களை மோதுகிறது. சர்ஜ் என்பது இதுதான். த்ராட்டில் மூடியதும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். அந்த உறிஞ்சல் ஒரு சிறு ஹோஸ் வழியாக வால்வின் தலைக்கு வந்து அதைத் திறக்கிறது. அடைபட்ட காற்றுக்கு வழி கிடைக்கிறது. வால்வு செய்வது இவ்வளவே. அது திறக்கும் கணத்தில் ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரில் இல்லை; சக்தி கேட்காத நேரத்தில் திறக்கும் ஒரு பொருள் சக்தியைக் கூட்டாது. நல்ல வால்வு செய்யக்கூடியதெல்லாம் பூஸ்ட் இருக்கும்போது ஒழுகாமல் மூடியிருப்பதும், திறக்க வேண்டியபோது தயங்காமல் திறப்பதும்.

அடுத்து சென்சார். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரை எடுத்துக்கொள்வோம், 1989-இல் வந்த ஆர்32. வெளியே ஊதும் வால்வின் மோகத்துக்கு அதைவிடப் பெரிய சின்னம் கிடையாது. அதன் 2.6 லிட்டர் ஆர்பி26 இன்ஜினில் இரண்டு டர்போ. ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும், டர்போக்களுக்கு முன்னால், இரண்டு ஹாட்-வயர் சென்சார்கள். மின்சாரத்தால் சூடேற்றிய ஒரு கம்பியைக் காற்று குளிர்விக்கிறது. கம்பியைச் சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவை என்பதிலிருந்து, நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று இன்ஜினின் கணினியான ஈசியூ கணக்கிடுகிறது. அந்தக் கிராமுக்கு ஏற்ற பெட்ரோலை இன்ஜெக்டர்கள் பீய்ச்சுகின்றன. நிஸ்ஸான் சில்வியாவின் எஸ்ஆர்20 டர்போவும் இதே வகை. மிட்சுபிஷி எவோவின் 4ஜி63 இன்ஜினில் கம்பி கிடையாது. காற்றின் வழியில் ஒரு தடுப்பை வைத்து அதன் பின்னே உருவாகும் சுழல்களை எண்ணும் கார்மன் வகை மீட்டர். அதுவும் ஃபில்டர் பெட்டியோடு, டர்போவுக்கு முன்னால்தான் இருக்கிறது. இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் கம்பெனி வால்வு ஊதும் காற்று, சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் திரும்பி வந்து சேர்கிறது.

காரணம் கணக்கு. ஆலை வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து உள்ளே போகும் மூட்டைகளை எண்ணுகிறார்; அந்த எண்ணிக்கையை நம்பி உள்ளே ஆளும் எண்ணெயும் ஏற்பாடாகிறது. பின்வாசலைத் திறந்து மூட்டைகளை வெளியே தள்ளினால் அவருடைய நோட்டுக்கு அது தெரியாது. சென்சாரைத் தாண்டிய காற்று முழுவதும் இன்ஜினுக்குள் போகிறது என்பதுதான் ஈசியூவின் ஒரே நம்பிக்கை.

இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கமும் அரைகுறைதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘குழாயில் சேர்ந்திருந்த காற்று வெளியே போய்விடுகிறது, அதற்கான பெட்ரோல் மிஞ்சிவிடுகிறது’ என்பார்கள். குழாயும் இன்டர்கூலரும் சேர்ந்து 10 லிட்டர் கொள்ளும், பூஸ்ட் 1 பார் என்று வைத்துக்கொண்டால், வெளியேறும் உபரிக் காற்று ஏறத்தாழ 11 கிராம்தான். 2 லிட்டர் இன்ஜின் ஐட்லிங்கில் நொடிக்கு 3 கிராம் அளவில் காற்று இழுக்கும்; 250 குதிரைத்திறன் கொடுக்கும்போது 200 கிராம் அளவில் இழுக்கும். அந்த 11 கிராம் தனியாகப் பெரிய கேடு செய்யாது. பிரச்சினை அதற்கு அடுத்த அரை நொடியில் இருக்கிறது. த்ராட்டில் மூடிவிட்டது, இன்ஜினுக்குத் தேவை சில கிராம்தான். டர்போவோ இன்னும் முழு வேகத்தில் சுழல்கிறது. அதன் வெளிவாய் வால்வு வழியாக வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தடை இல்லாததால் அது ஃபில்டர் வழியாகப் புதுக்காற்றை இழுத்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. அத்தனையும் சென்சார் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இன்ஜின் குடிப்பதைப் போலப் பல மடங்கு காற்றுக்கு ஈசியூ பெட்ரோல் எழுதுகிறது. வால்வு உள்ளே திருப்பி விடும் வண்டியில் டர்போ தான் தள்ளிய காற்றையே திரும்ப இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். சென்சார் வழியாகப் புதிதாக வருவது, இன்ஜின் உண்மையில் எடுக்கும் அளவுக்கு அருகில் இருக்கும். கம்பெனிக்காரர்கள் போட்ட அந்த ஒரு முழம் ரப்பர் ஹோஸின் வேலை இது.

இதற்கு எதிர்த்தரப்பு வைக்கும் நல்ல வாதம் ஒன்று உண்டு. அதை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘த்ராட்டிலை மூடினால் ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடுகிறதே, அப்புறம் கலவை எப்படி ரிச்சாகும், பெட்ரோல் எப்படி மிஞ்சும்?’ என்பதே அது. உண்மைதான், காலை முழுவதும் எடுத்து, இன்ஜின் சுற்று ஓரளவுக்கு மேல் இருந்தால், ஈசியூ இன்ஜெக்டர்களை மூடிவிடும். பல வண்டிகள் வெளியே ஊதும் வால்வோடு ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று தோன்றுவதற்கு இந்த வசதிதான் காரணம். ஆனால் அந்த நிறுத்தம் உடனே நடப்பதில்லை. இழுவை வெட்டி இழுக்காமல் இருக்கக் கொஞ்சம் தாமதித்தே வருகிறது. காலை முழுக்க எடுக்காமல் பாதி தளர்த்தினால் அது வருவதே இல்லை. நெரிசலில் முன்னால் போகும் லாரியின் பின்னே ஊர்கிறவர் நாள் முழுவதும் செய்வது இந்தப் பாதித் தளர்த்தலைத்தான். சுற்று குறைந்து ஐட்லிங்கை நெருங்கும்போது நிறுத்தம் விலகிப் பெட்ரோல் திரும்ப வருகிறது. வேகமாக வந்து, கிளட்ச்சை மிதித்து, சிக்னலில் நிற்கும் தருணம் அது. மேனிஃபோல்டில் வெற்றிடம், வால்வு திறந்தே இருக்கிறது, டர்போவின் சுழற்சி அடங்கவில்லை. சென்சார் பெரிய எண்ணைச் சொல்ல, ஈசியூ அதற்குப் பெட்ரோல் கொடுக்க, எரிய முடியாத அளவு கெட்டியான கலவையில் இன்ஜின் மூச்சுத் திணறி அணைகிறது. சிக்னலுக்குச் சிக்னல் வண்டி ஆஃப் ஆகிறது என்று எவோக்காரரும் சில்வியாக்காரரும் புலம்பும் கதை இதுதான். சைலன்ஸரில் ‘டப்’ என்று வெடிப்பதும், பிளக்கில் கரி பிடிப்பதும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பொசுக்குவதும் அதே கணக்குப் பிழையின் மீதி.

‘ரீமேப்பில் சரிசெய்துவிடலாம்’ என்பதுதான் நம் கடைகளில் கடைசி அஸ்திரம். இதைச் சொல்கிறவர்களிடம் எப்படி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சென்சார் கொடுப்பது ஒரு மின்னழுத்தம்; ஈசியூவில் அதற்கு எதிரே இத்தனை கிராம் என்று ஒரு அட்டவணை. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது 2.5 வோல்ட் என்றால் அத்தனை கிராமும் இன்ஜினுக்குள் போகிறது. வால்வு ஊதும் கணத்திலும் அதே 2.5 வோல்ட் வருகிறது. அப்போது இன்ஜினுக்குள் போவது கால்வாசிகூட இல்லை. ஒரே வோல்ட்டுக்கு இரண்டு உண்மை. அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் குறைத்தால் நிதானமாக ஓடும்போது பெட்ரோல் பற்றாமல் லீனாக ஓடும். குறைக்காவிட்டால் கியர் மாற்றும்போது ரிச்சாக ஓடும். அட்டவணையைத் திருத்தி இதைத் தீர்க்க வழியே இல்லை. மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் பார்த்து, இந்தக் கணத்தில் சென்சாரை நம்பாதே என்று முடிவெடுக்கும் ஈசியூ வேண்டும். தனியாக வாங்கிப் போடும் நல்ல ஈசியூக்கள் அதைச் செய்கின்றன. லேப்டாப்பைச் செருகி அரை மணியில் முடிகிற ரீமேப் அதைச் செய்வதில்லை.

சத்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான் கம்பெனிகள் உள்ளே திருப்பி விடுகின்றன என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதுதான் ஒரே காரணம் என்றால், அந்தச் சத்தத்தை விற்றுப் பேர் வாங்கிய ஜப்பானின் ஹெச்கேஎஸ், தன்னுடைய புகழ்பெற்ற எஸ்எஸ்க்யூவி வால்வுக்குக் காற்றை உள்ளே திருப்பி விடும் தனி இணைப்பை எதற்காக விற்க வேண்டும்? ‘புஸ்’ஸை வியாபாரம் செய்கிறவர்களே அது எல்லா வண்டிக்கும் ஒத்துவராது என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். வாங்கி மாட்டுகிற இடத்தில்தான் அந்தச் சேதி காணாமல் போகிறது.

திரும்பி வரும் காற்று சூடானது, இன்டேக்கைச் சூடாக்கும் என்றும் சொல்வார்கள். கால் ஆக்சிலேட்டரில் இல்லாத ஒரு நொடிக்குள் முடிந்துபோகும் விஷயம். போதாததற்கு அந்தக் காற்று மறுபடி இன்டர்கூலரைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போக வேண்டும். இதற்கு மேல் இந்த வாதத்துக்கு மை செலவழிக்கத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் வால்வையே கழற்றிவிட்டு ஓட்டுகிறது. ‘ஸ்டுடுடு’ என்று வரும் அந்த விக்கல் சத்தத்துக்கு வேஸ்ட்கேட் சத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேஸ்ட்கேட் இருப்பது எக்ஸாஸ்ட் பக்கத்தில், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்பது கம்ப்ரஸர் சர்ஜ். டர்போவின் பேரிங்குக்கு அது எவ்வளவு கெடுதல் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். குறைந்த பூஸ்டில் வருடக்கணக்காக ஓடியவையும் உண்டு. சென்சார் விஷயத்தில் வேறுபாட்டுக்கு இடமில்லை. முட்டித் திரும்பிய காற்று டர்போவைத் தாண்டி, ஃபில்டர் வரை பின்னோக்கி வந்து, மறுபடியும் உள்ளே போகிறது. பழைய ஹாட்-வயருக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் குளிர்விக்கும் காற்று காற்றுதான். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் சேர்த்து எண்ணிவிடும். பின்னோட்டத்தைப் பிரித்தறியும் பாஷ் ஹெச்எஃப்எம்5 போன்ற சென்சார்கள் பின்னால் வந்தன. ஆர்32 ஜிடி-ஆரிலும் எஸ்ஆர்20-யிலும் அவை இல்லை. உள்ளே திருப்பி விடும் ஹோஸை இணைக்கும்போதும் இது ஞாபகத்தில் இருக்க வேண்டும். திரும்பும் காற்று டர்போவின் வாயைப் பார்த்துச் சாய்வாக வந்து சேர வேண்டும். சென்சாரை ஒட்டி, அதன் முகத்திலேயே அடிக்கும்படி ஒரு செங்கோணக் குழாயை வெல்ட் செய்துவிட்டு, ‘ரீசர்க்குலேட் பண்ணியும் ஐட்லிங் ஆடுது’ என்றால் குற்றம் ஏற்பாட்டில் இல்லை, வெல்டிங்கில்.

இவ்வளவு சொன்ன பிறகு, வெளியே ஊதவே கூடாதா என்றால், தாராளமாக ஊதலாம். சென்சாரை டர்போவுக்குப் பின்னால், இன்டர்கூலரையும் தாண்டி, த்ராட்டிலுக்கு முன்னே கொண்டுபோய் வைத்து, வால்வை அதற்கும் முன்னால் வைத்துவிட்டால் போதும். எண்ணும் இடத்துக்கு முன்பே காற்று வெளியேறிவிடுவதால் கணக்கில் பிழை வராது. ப்ளோ-த்ரூ என்பார்கள். இன்டர்கூலர் ஹோஸில் சின்ன ஒழுக்கு இருந்தாலும் பூஸ்ட்தான் குறையும், கலவை கெடாது. கேட்க எளிமை. அந்த எளிமைதான் அடுத்த தவறான பாடத்தைப் பிறப்பித்திருக்கிறது: ‘சென்சாரைப் பின்னால் மாத்திட்டா எல்லாம் முடிஞ்சுது.’

முடியவில்லை. சென்சார் குழாயில் போகும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் ஒரு சிறு வாயில் நுழையும் காற்றை அளந்து, மீதியும் இதே வேகத்தில்தான் போகிறது என்று அனுமானிக்கிறது. வளைவைத் தாண்டியதும் காற்று குழாயின் வெளிப்பக்கச் சுவரை ஒட்டிக்கொண்டு பாயும். அங்கே சென்சாரை வைத்தால் அனுமானம் தவறும். ஆலைக் குழாய்களில் மீட்டர் பொருத்துகிறவர்கள் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு நேர்க்குழாய் கேட்பார்கள். 70 மில்லிமீட்டர் குழாய்க்கு 70 சென்டிமீட்டர். இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்கு மொத்தக் குழாயே அவ்வளவு இருந்தால் பெரிது, அதிலும் இரண்டு வளைவு. போதாக்குறைக்கு வால்வைச் சென்சாருக்குப் பக்கத்தில் வைத்தால் அது திறக்கும்போது ஓட்டம் ஒரு பக்கம் இழுபடும். சென்சாரைத் த்ராட்டிலுக்கு மிக அருகில் வைத்தால் தட்டு மூடும்போது எழும் அலை அதன் மேல் அடிக்கும். வளைவிலிருந்து விலகி, வால்விலிருந்து விலகி, தட்டிலிருந்தும் விலகி ஓர் இடம் தேட வேண்டும். இந்தத் தேடலில் சில மணி நேரம் செலவழிக்காத கடையில் ப்ளோ-த்ரூ செய்யச் சொல்லாதீர்கள்.

குழாயின் விட்டமும் சும்மா இருக்காது. 70 மில்லிமீட்டர் கூட்டுக்கு எழுதிய அட்டவணையோடு சென்சாரை 80 மில்லிமீட்டர் குழாயில் செருகினால் பரப்பு 31 சதவீதம் கூடிவிடுகிறது. அதே வேகத்துக்கு அவ்வளவு அதிகக் காற்று போகும், ஈசியூவோ பழைய எண்ணிலேயே பெட்ரோல் கொடுக்கும். பூஸ்டில் 31 சதவீதம் லீன் என்றால் நாக்கிங் கேட்பதற்குள் பிஸ்டன் போய்விடும். இன்னொரு ஆபத்து எண்ணெய். டர்போவின் சீல் வழியாகவும் கிராங்க் கேஸ் பிரீதர் வழியாகவும் வரும் எண்ணெய்ப் புகை, ஃபில்டருக்கு அருகில் இருந்தவரை சென்சாரை எட்டவில்லை. இப்போது அதன் மேல்தான் படிகிறது. எண்ணெய் பூசிய கம்பியைக் காற்றால் சரியாகக் குளிர்விக்க முடியாது, எண் குறைந்து காட்டும், மறுபடி லீன். வெளியே ஊதும் வால்வு தரும் தொல்லை ரிச் பக்கம். பிளக்கும் பெட்ரோலும்தான் நஷ்டம். கவனிக்காமல் செய்த ப்ளோ-த்ரூ தரும் தொல்லை லீன் பக்கம். அதில் போவது இன்ஜின். இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. மடல் வகைப் பழைய மீட்டர்களையும் கார்மன் மீட்டரையும் பூஸ்ட் பக்கம் கொண்டுபோகும் யோசனையை நான் ஆதரிக்கவே மாட்டேன். அவை காற்றின் கனஅளவைச் சொல்பவை; வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் அதை ஈசியூ கிராமாக மாற்றுகிறது.

வால்வு இருக்கும் இடத்தைப் பற்றி இன்னொரு வேதவாக்கு: த்ராட்டிலுக்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது, அலை அங்கேதான் கிளம்புகிறது. அலை போகும் வேகம் ஒலியின் வேகம்; 50 டிகிரிக் காற்றில் நொடிக்கு 360 மீட்டர். குழாயும் இன்டர்கூலரும் சேர்த்து 2 மீட்டர் என்றால், முழு நீளத்தையும் கடக்க 6 மில்லி நொடிக்கும் குறைவு. ஆக்சிலேட்டரிலிருந்து பாதத்தை எடுக்கவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. 2004-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் 2 லிட்டர் டர்போவில் ஃபோக்ஸ்வாகன் வால்வைக் கம்ப்ரஸர் கூட்டிலேயே, த்ராட்டிலிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், பதித்துவிட்டது. சுபாரு இம்ப்ரெஸாவில் அது இன்டர்கூலர் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் வேலை செய்கின்றன. தாமதம் உண்மையில் எங்கே வருகிறது என்றால் வால்வின் தலைக்குப் போகும் அந்தச் சின்ன ஹோஸில். பூஸ்ட் மீட்டருக்கும் வேறு எதற்கும் டீ போட்டுப் பிரித்த, நீளமான, ஒடுங்கிய ஹோஸை மாட்டிவிட்டு வால்வின் இடத்தைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. மேனிஃபோல்டிலிருந்து, த்ராட்டில் தட்டுக்குப் பின்னாலிருந்து, வால்வுக்கென்றே தனியாக ஒரு குட்டை ஹோஸ் வர வேண்டும். ஸ்பிரிங்கையும் அந்த வண்டியின் ஐட்லிங் வெற்றிடத்தை அளந்து வைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் ஐட்லிங்கிலேயே வால்வு திறந்து, வெளியே ஊத வேண்டியது வெளியிலிருந்து ஃபில்டர் இல்லாத, எண்ணப்படாத காற்றை உள்ளே இழுக்கும். சென்சாருக்குப் பின்னால் இருக்கும் எந்த ஓட்டைக்கும் இது பொருந்தும். பிரீதர் ஹோஸைக் கழற்றி வெளியே விட்டு, இன்டேக்கில் அது இருந்த துளையைத் துணி அடைத்து விட்டிருக்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. அதை ஒளித்தால் இந்த மறுப்பு நேர்மையற்றதாகிவிடும். ஏர் ஃப்ளோ சென்சாரே இல்லாத வண்டிகள். ஹோண்டா வண்டிகளில் பல காலமாகவும், ஜப்பானில் விற்ற டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் டர்போவிலும், மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்தே காற்று கணக்கிடப்பட்டது. அதே சூப்ரா அமெரிக்காவுக்குப் போனபோது ஏர் ஃப்ளோ சென்சாரோடு போனது. ஆக, ஒரே பெயர் கொண்ட இன்ஜினில், ஒரு நாட்டு வண்டியில் வெளியே ஊதலாம், இன்னொன்றில் ஊதினால் தொல்லை. நம் சாலைகளில் ஓடும் போலோவின் 1.2 டிஎஸ்ஐயும் அழுத்தக் கணக்கு வண்டிதான். இன்ஜினுக்குள் போன காற்றை மட்டுமே அது பார்ப்பதால், வெளியே ஊதுவதால் கலவை கெடாது. ‘எனக்கு ஒன்றும் ஆகலையே’ என்று போலோக்காரர் சொல்வது முழு உண்மை. அந்த உண்மையை அவர் பக்கத்து வீட்டு முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு எடுத்துக் கொடுப்பதில்தான் கோளாறு. அதன் 1.8 டர்போவில் பாஷ் ஏர் ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே குழுமத்து வண்டிகள், இரண்டிலும் டர்போ. விதி மட்டும் வேறு. ஜப்பானிலிருந்து இறக்குமதியான வண்டிகள் ஓடும் இலங்கையிலோ, ஒரே கடையில் அடுத்தடுத்த லிஃப்டில் இரண்டு வகையும் நிற்கக்கூடும்.

டீசலுக்கு ப்ளோ-ஆஃப் கிட் விற்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1.3 லிட்டர் மல்டிஜெட் ஓடும் ஸ்விஃப்ட்டிலும் மற்றவற்றிலும் காலை எடுத்ததும் மூடிக்கொள்ளும் த்ராட்டில் கிடையாது. சில டீசல்களில் ஒரு தட்டு இருக்கும், அது ஈஜிஆருக்காகவும் இன்ஜினை அதிராமல் நிறுத்தவும். பெடலை விட்டதும் டீசல்தான் குறைகிறது; காற்றின் வழி திறந்தே இருப்பதால் குழாயில் உள்ளதை இன்ஜினே விழுங்கிவிடும். அடைபடாத காற்றுக்கு வடிகால் எதற்கு? மின்சாரச் சுருளை வைத்துத் திறக்கும் அந்தக் கிட்டின் வால்வு சரியாக மூடாமல் ஒழுகினால், சென்சார் எண்ணிய காற்று இன்ஜினுக்குள் வராது, டீசல் மட்டும் வரும். பின்னால் வருகிறவருக்குக் கரும்புகை.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அகலப் பட்டை ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றை எக்ஸாஸ்ட்டில் பொருத்தி, ஓபிடியிலிருந்து காற்றின் கிராமையும் த்ராட்டில் கோணத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். மூன்றாவது கியரில் பூஸ்ட் ஏற்றி, காலை முழுக்க எடுக்காமல் பாதி மட்டும் தளர்த்துங்கள். முழுக்க எடுத்தால் பெட்ரோல் நின்று கோடு லீன் பக்கம் ஓடிவிடும், ஒன்றும் தெரியாது. பிறகு வேகத்திலிருந்து கிளட்ச்சை மிதித்து நிற்கும் தருணத்தையும் பதிவு செய்யுங்கள். அடுத்து ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் வாங்கி வால்வின் வாயை இன்டேக்கோடு இணைத்துவிட்டு, அதே சாலையில் அதே கியரில் மறுபடி ஓட்டுங்கள். டர்போவுக்கு முன்னால் சென்சார் உள்ள வண்டியில், கம்பெனி ஈசியூவோடு, இரண்டு வரைபடமும் ஒன்றாக இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.